வலது பக்கத்துப் பல்முரசு

2024 ஜூலை 2, செவ்வாய்

அவர் மௌத்தான பிறகு வீட்டுக்குள்ளேயே துக்கம் இருந்த இத்தா முடிந்து ஒரு கிழமை. நாலு மாதத்துக்கு மேல் பார்க்காத கண்ணாடியை இன்று ஆறுதலாகப் பார்த்தேன். மேல்வரிசையில் வலது பக்கத்துப் பற்கள் நீண்டிருக்கின்றன. ஐம்பத்திரண்டு வயதில் பல்லு வளருமா? பல்லைப் பிடித்திருக்கிற சதை, முரசுதான் மேலே ஏறியிருக்கிறது. வேர் மஞ்சளாகத் தெரிகிறது. குளிர்தண்ணி பட்டால் உயிர் போகிறது.

மூன்று மாத வலி இது. மருந்துக்கு வெளியே போகலாம் உம்மா என்று மகள் நிப்லா எத்தனை தரம் சொன்னாள். கேட்டேனா? இத்தாவில் இருப்பவளை ரோட்டில் கண்டால் ஊர் என்ன கதைக்குமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். என் புத்தி.

ஜூலை 4

சிரித்துப் பார்த்தேன். அவருடைய சிரிப்பு. என் மாப்பிள்ளை, நிப்லாவின் வாப்பா றஸாக்குக்கும் இப்படித்தான், வலது பக்கம் நீளம்.

கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டேன்.

ஜூலை 9

பல் டொக்டர் ஜெனோசாவிடம் போனோம். சின்னப் பிள்ளை, ஆனால் பதமான கை. "எதால தேய்க்கிறீங்க அன்ரி?"

மிஸ்வாக்குக் குச்சி, ஐந்து நேரத் தொழுகைக்கு முன் கைகால் கழுவும் உளூவுக்கும். புதுக் குச்சி இல்லை. அவர் கடைசியாகப் பாவித்தது. நுனியை வெட்டி ஊறவைத்துத்தான் தேய்க்க வேண்டும், தெரியும். வெட்ட மனம் வரவில்லை. அவர் கடித்த தடம் அதில் இருக்கிறது. இதெல்லாம் டொக்டரிடம் சொல்ல முடியுமா? மிஸ்வாக்கு என்று மட்டும் சொன்னேன்.

"இடக்கையா நீங்க? இடக்கைக்காரருக்குத்தான் கூடுதலா வலப்பக்கம் தேயும்."

இல்லையே. எனக்கு எல்லாம் வலது கை. இடக்கை அவருக்கு. பள்ளியில் எத்தனை பேர் திருத்தியும் மிஸ்வாக்குக்கு மட்டும் இடது கைதான் எழும்பும்.

அதையும் சொல்லவில்லை.

ஜூலை 10

இப்படியே விட்டால் வேட்டைப்பல் ஆடி விழுந்துவிடுமாம். ஒப்பரேஷனுக்கு டொக்டர் மூன்று வழி சொன்னாள். சின்னத் துளை போட்டு, அதற்குள்ளால் முரசைத் தளர்த்திக் கீழே இழுத்து விடுவது. என் முரசு மெலிவு, அது சரிவராது. இரண்டாவது, என் மேல்வாயில் ஒரு துண்டு எடுத்து வேருக்கு மேல் வைத்துத் தைப்பது. மூன்றாவதில் மேல்வாயை வெட்டத் தேவையில்லை. சுத்தப்படுத்திய தோல் பக்கெற்றில் வருமாம்.

"யாருட தோல்?"

"இறந்தவங்க தானம் செய்தது, அன்ரி." மரக்கறி விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

பேர் தெரியுமா என்று கேட்டேன். சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் சதையே போதும் என்றேன்.

"ஒண்டு மட்டும். தைச்ச பிறகு ரெண்டு கிழமைக்கு அந்தப் பக்கம் குச்சியோ பிரஷோ படக்கூடாது. தேய்ச்சா ஒட்டாது."

ஜூலை 16

பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு சற்றுப் படுத்தேன். எழும்பினால் குச்சி ஈரம். வாயில் இரத்தச் சுவை.

"இப்பதானே உம்மா கிணத்தடியில நிண்டு தேச்சீங்க?" என்கிறாள் நிப்லா. "கூப்பிட்டன், நீங்க திரும்பல்ல."

எந்தக் கையால?

யோசித்தாள். தன் இடது கையை உயர்த்திக் காட்டினாள். "வாப்பா மாதிரி."

ஜூலை 17

நித்திரையில் நடக்கிறேன். அவ்வளவுதான். அவ்வளவுதானே?

ஜூலை 21

குச்சியை எறியச் சொல்கிறாள் மகள். எறியலாம். எறிந்தால் பிறகு எதற்காக வருவார்?

யா அல்லாஹ், நான் என்னத்தை எழுதுறன்.

ஆகஸ்ட் 1

தைத்தாயிற்று. மேல்வாய் எரிகிறது. குச்சியைப் பிஸ்கட் பேணிக்குள் வைத்து அலுமாரியில் பூட்டினோம். சாவி நிப்லாவிடம்.

ஆகஸ்ட் 6

நேற்று விரலாலேயே தையலைத் தடவினேனாம், நித்திரையில். பயந்துபோய் இன்று பகல் படுக்கும்போது இடது கையை ஷோல் துணியால் கட்டிலோடு கட்டச் சொன்னேன். "இது சரியில்ல உம்மா" என்று அழுதாள். இறுக்குடி என்றேன்.

கண் விழித்தபோது இடது கை என் வலது கன்னத்தில் இருந்தது. தையலுக்கு நேராக, பொத்திப் பிடித்தபடி. குளிர்ந்து போய். ஷோல் நாலாக மடித்துத் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. நிப்லா அறைக்குள் வரவே இல்லையாம். அவர் சால்வையை அப்படித்தான் மடிப்பார்.

ஓடிப்போய்க் கண்ணாடி பார்த்தேன். ஒரு தையலும் அசையவில்லை.

தேய்க்கக் கூடாதென்று அவருக்கும் விளங்கியிருக்கிறது.

ஆகஸ்ட் 15

டொக்டர் தையல் எடுத்தாள். ஒட்டிவிட்டது. "நல்லாப் பாத்திருக்கீங்க அன்ரி."

ஓம் என்றேன். யார் பார்த்தது என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 20

வேர் மூடிவிட்டது. கண்ணாடியில் என் சிரிப்பு, எனக்கே எனக்கான சிரிப்பு.

சாவியை வாங்கி, குச்சியை எடுத்து, கிணற்றடியில் பழைய இடத்தில் வைத்தேன். லுஹர் தொழுதுவிட்டுப் படுத்தேன். கையைக் கட்டவில்லை. பின்கதவைத் திறந்தே விட்டேன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்கான பாங்குச் சத்தத்துக்கு எழும்பினேன். குச்சி காய்ந்தே கிடந்தது. இடது கை, வைத்த இடத்தில் வைத்தபடி.

அல்ஹம்துலில்லாஹ் என்றேன். பிறகு கிணற்றடியில் குந்தியிருந்து, நிப்லாவுக்குக் கேட்காமல் அழுதேன்.