ஈரப் பாவைச் சுருட்ட முடியாது

காமாட்சி துணை

காஞ்சிபுரம்
9-7-1970

அன்புள்ள மகன் தர்மனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தங்கை குழலியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அந்தத் தில்லி வெயில் உன்னையும் மருமகள் ரேணுகாம்பாளையும் என்ன பாடு படுத்துகிறதோ என்று அதே நினைப்பாக இருக்கிறது. அவளுக்கு வாந்தி நின்றதா, சோறு இறங்குகிறதா என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை. நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன், அந்தப் பக்கம் வருகிறவர்கள் யாராவது கிடைத்தால் கொடுத்து அனுப்புகிறேன். உன் நைனா தாமலில் உன் பெரியப்பா வீட்டில் இருக்கிறார். கடலைக் கொல்லையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு போனவர்தான். மழையில்லாத இந்தக் காய்ச்சலில் ஏரியே வெடித்துக் கிடக்கிறது, அங்கே பார்ப்பதற்குக் கடலையும் இல்லை கொல்லையும் இல்லை. வாசலில் ஜீப் வந்து நின்றதைப் பார்த்துப் பயந்து போனார் என்பதுதான் நிஜம், நீ கேட்டால் அவர் வேறு மாதிரி எழுதுவார்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கவர்மெண்டோடு மோதாதே அம்மா, அவர்கள் நீட்டுகிற காகிதத்தில் ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சாமானை வாங்கிக்கொண்டு வா, ஒரு கையெழுத்தில் என்ன குறைந்துவிடப் போகிறது என்று எழுதியிருக்கிறாய். உனக்கு விஷயம் உன் சிநேகிதன் இளங்கோவன் மூலமாகத்தான் வந்திருக்கும். அவன் அந்த ரோடு ஆபீசிலேயே குமாஸ்தா, அவன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் பாதிதான் தெரியும். அதனால் நடந்ததை முழுக்க எழுதுகிறேன், உட்கார்ந்து நிதானமாகப் படி.

சித்திரையில் நம் தெருவுக்குப் புதிதாகத் தார் போட்டார்கள் என்று எழுதியிருந்தேன். நல்ல ரோடு, குறை சொல்ல மாட்டேன், அதற்கு நாமும்தான் வரி கட்டுகிறோம். நம் தெருவில் பாவு எப்படிப் போடுவார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் ரேணுகா திருச்சிக்காரி, அவளும் படிப்பாள் என்பதற்காக எழுதுகிறேன். தறியில் ஏற்றுகிற நீளப் பட்டு நூல் அத்தனையும் சேர்ந்ததுதான் பாவு. விடிவதற்கு முன்னால் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துப் பிடித்து, கீழே மூங்கில் கால்களைக் கொடுத்து, கஞ்சி தெளித்து இளவெயிலில் காயவைத்து, பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் சுருட்டி உள்ளே எடுத்துவிடுவோம். நடுவில் வண்டி வந்தாலும் பிணம் வந்தாலும் யாரும் திருப்பி அனுப்ப மாட்டோம். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று பாவைத் தலைக்கு மேலே கையால் தூக்கிப் பிடிப்போம், அடியில் போய்விடலாம். கருட சேவை அன்றைக்கு யாரும் சொல்லாமலே தெருவில் ஒரு நூல் இருக்காது. இதற்கெல்லாம் எந்த அதிகாரியும் எங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கவில்லை, நாங்களே வைத்துக்கொண்ட சட்டம்.

போன மாதக் கடைசியில் ஒரு நாள் அரக்கு நிறத்தில் கலியாணப் பாவு ஒன்று போட்டிருந்தேன், ஆவணி முகூர்த்தத்துக்குச் சொல்லியிருந்தது. ஆதிகேசவன்தான் கஞ்சி தெளித்தான், நம் தறிகளில் பழைய ஆள், உனக்குத் தெரியும். கஞ்சி சொட்டிக்கொண்டிருக்கிற நேரம் பார்த்து ஜீப் வந்து நின்றது. புதிதாக வந்திருக்கிற ஓவர்சியர் இறங்கினான், கூட இரண்டு ஆள். இதைச் சுருட்டு, ரோட்டை அடைச்சிக்கினு இருக்கீங்க என்றான். ஜீப்புக்குத் தூக்கிப் பிடிக்கிறோம் சார், போங்க என்றான் ஆதிகேசவன். போறதுக்கு வரல, சுருட்டச் சொல்லத்தான் வந்தேன் என்றான். நான் உள்ளே இருந்து வந்தேன். ஐயா, ஈரப் பாவைச் சுருட்டினா நூலோட நூல் ஒட்டிக்கும், அப்புறம் தறியில ஏத்தினா இழை இழையா அறுந்துக்கினே இருக்கும், கொஞ்சம் வெயில் ஏறட்டும், காய்ஞ்சதும் நானே எடுத்துடறேன் என்று மரியாதையாகத்தான் சொன்னேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஏம்மா, கவர்மெண்டு ரோடு இன்னா உன் வீட்டுக் கொல்லையா என்றான். கொல்லையா இருந்தா நீ இப்படி உள்ள வந்து நின்னுருப்பியா என்று நானும் கேட்டேன். அது கொஞ்சம் அதிகப்படிதான், ஆனால் அவன் நீ என்றான், நானும் நீ என்றேன், கணக்கு சரியாகிவிட்டது.

அவ்வளவுதான், அந்த இரண்டு ஆளும் பாவுக்கு அடியில் இருந்த மூங்கில் கால்களைப் பிடுங்கினார்கள். பாவு அப்படியே ரோட்டில் விழுந்தது தர்மா. ஈரக் கஞ்சியில் தார்ப் பொடியும் மணலும் அப்பிக்கொண்டு, அரக்கு நிறம் எது கறுப்பு எது என்று தெரியவில்லை. ஆதிகேசவன் கஞ்சிச் சட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான். கால்களை எல்லாம் ஜீப்பில் ஏற்றினார்கள். ஜப்தி பண்றீங்கன்னா ரசீது குடுங்க என்றேன். மூங்கிலுக்கு இன்னா ரசீது, அடுப்பு எரிக்கிற சாமான் என்று சிரித்தான். சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாளிலிருந்து தெருவில் யாரும் பாவு போடவில்லை. ஊருக்கு வெளியே தோப்பில் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தார்கள், காற்று ஒரு பக்கம் மாடு ஒரு பக்கம், நாலு வீட்டுப் பாவு சிக்குப் பிடித்து நாசம். ஆவணி தொடங்க எத்தனை நாள் இருக்கிறது என்று நீயே பார்த்துக்கொள். பாவு இல்லையென்றால் தறி இல்லை, தறி இல்லையென்றால் இந்தத் தெருவில் அடுப்பு இல்லை. மூங்கில் போனால் மூங்கில் வாங்கிக்கொள்வேன், அதற்காக நான் ஆபீஸ் படி ஏறவில்லை என்பதை முதலில் தெரிந்துகொள்.

ஆபீசுக்குப் போனேன். நிற்க வைத்தார்கள், நான் பெஞ்சைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். பியூன், அது ஆபீசருங்க பெஞ்சும்மா என்றான். நானும் ஆபீசரைப் பார்க்கத்தாம்பா வந்திருக்கேன் என்றேன். அன்றைக்கு, நாளைக்கு வா என்றார்கள். நாளைக்குப் போனால் ஓவர்சியர் சைட்டுக்குப் போயிருக்கிறார். நானும் சோற்றைக் கட்டிக்கொண்டு தினமும் போனேன், நம் புடவைக் கடையைக் குழலி பார்த்துக்கொண்டாள். வியாபாரத்தில் எவ்வளவு பேர் என்னைக் காக்க வைத்திருக்கிறார்கள், கஞ்சி காய்ச்சித் தெருத் தெருவாக விற்ற காலத்திலிருந்தே எனக்கு அது பழக்கம். உட்கார்ந்திருப்பதில் யாரும் என்னை ஜெயிக்க முடியாது. கடைசியில் ஓவர்சியரே ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினான். பொதுப் பாதையை அடைத்தது என் குற்றம், மன்னிக்க வேண்டும், இனி தெருவில் பாவு போடமாட்டேன் என்று டைப் அடித்திருந்தது. போட்டுட்டு மூங்கில எடுத்துக்கினு போ என்றான். நான் படித்துவிட்டு, எந்த ஆர்டர்ல எடுத்தீங்க, அத மொதல்ல காட்டுங்க என்றேன். ஆர்டரெல்லாம் உனக்குக் காட்டணுமா என்றான். எனக்குக் காட்டாட்டி பரவாயில்ல, ஒண்ணு இருந்தா நீங்களாவது ஒருதரம் பார்த்துக்குங்க என்றேன். பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் குனிந்துகொண்டு சிரித்தார்கள். வெளியே வந்தபோது ஒருத்தன், அக்கா, ஓவர்சியர் வீட்டம்மாவுக்கு ஒரு புடவை கொடுத்தா முடிஞ்சிடும் என்று காதில் சொன்னான். கடைக்கு வரச் சொல்லு, மத்தவங்களுக்கு என்ன விலையோ அதே விலைக்குத் தரேன் என்று சொல்லி அனுப்பினேன்.

நீ கேட்டாயே, ஒரு கையெழுத்தில் என்ன என்று. நீயே தில்லியில் குமாஸ்தா வேலை பார்க்கிறவன், நீ கேட்கிற கேள்வியா அது. அந்தக் காகிதம் அங்கே இருக்கும், நான் இருக்க மாட்டேன். நாளைக்கு வேறு ஒரு ஓவர்சியர் வருவான், ஆதிகேசவன் பாவையும் எதிர்வீட்டுப் பூவம்மாள் பாவையும் பிடுங்குவான், அவர்கள் கேட்டால், உங்க தெரு பெரியநாயகியே குற்றம்னு எழுதிக் கொடுத்திருக்கா என்று என் கையெழுத்தை எடுத்து அவர்கள் முகத்துக்கு நேரே காட்டுவான். என் ஒருத்தியின் மூங்கிலுக்காக ஒரு தெருவையே எழுதிக் கொடுக்க எனக்கு யார் உரிமை தந்தது.

திங்கட்கிழமை எஞ்சினியரே கூப்பிட்டார். அவர் கொஞ்சம் நியாயமான மனுஷன், உட்காருங்கம்மா என்றார். ஓவர்சியரைப் பார்த்து, நோட்டீஸ் கொடுத்தீங்களா, ரசீது கொடுத்தீங்களா என்று கேட்டார். அவன் காதைச் சொறிந்தான். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்த நேரத்தில்தான் உன் இளங்கோவன் எழுந்து நின்றான். சார், இவங்க பையன் தில்லியில செக்ரடேரியட்ல இருக்காரு, எனக்கு எழுதியிருக்காரு, அம்மா தெரியாம பண்ணிட்டாங்க, அவங்களுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்னு சொல்லச் சொல்லியிருக்காரு என்றான். தர்மா, நீ அதை எனக்கு எழுதவே இல்லை. ஓவர்சியர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், குழந்தைக்கு மிட்டாய் கிடைத்த மாதிரி. எஞ்சினியரும் மூச்சு விட்டார், அப்படின்னா விஷயம் முடிஞ்சுது, பையனே கேட்டுக்கிட்டாரு, மன்னிச்சு விட்டுடறோம், சாமானை எடுத்துக்கினு போங்கம்மா என்றார். என் மகன் தில்லியில உத்தியோகம் பார்க்கறான், பாவு காஞ்சிபுரத்துல என் பாவு, அவன் மன்னிப்பை அவனுக்கே அனுப்பிடுங்க என்று சொல்லிவிட்டு மூங்கிலைத் தொடாமல் வந்துவிட்டேன். இளங்கோவன் பின்னாலேயே ஓடிவந்து, அத்தை, நல்லதுக்குத்தானே செஞ்சேன் என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை, சொன்னதைச் செய்தான்.

வீட்டுக்கு வந்தால் தெருவே காத்துக்கொண்டிருக்கிறது. கால் வந்துதா அக்கா என்றான் ஆதிகேசவன். வரல, நான்தான் விட்டுட்டு வந்துட்டேன் என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது, உனக்கு ரோஷம், எங்களுக்குப் பட்டினி என்று முகத்துக்கு நேரே கேட்டான். கேட்கட்டும், கேட்கிறவன்தான் எனக்கு வேண்டும். மன்னிப்புன்னு வாங்கினா வருஷா வருஷம் அவங்க மன்னிக்கணும்டா, அவங்க மன்னிக்காத வருஷம் இன்னா பண்ணுவ என்றேன். தலையைச் சொறிந்தான். அப்புறம், கால் இல்லாம எப்படிப் போடறது என்றான். அதைக் கேட்டவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது, ஆள் நம் வழிக்கு வந்துவிட்டான் என்று.

நேற்றுக் காலை தெரு முழுக்கப் பாவு போட்டோம். மூங்கில் இல்லாத வீட்டில் ஏணி, ஏணி இல்லாத வீட்டில் கயிற்றுக் கட்டிலை நிமிர்த்தி வைத்தார்கள், பூவம்மாள் தன் வீட்டுக் கதவையே கழற்றிக் கொண்டுவந்துவிட்டாள். எஞ்சினியருக்கு முதல் நாளே ஆள் அனுப்பியிருந்தேன், ஒளிச்சு மறைச்சுச் செய்யல, நீங்களே வந்து பாருங்க என்று. ஜீப் தெருமுனையில் வந்து நின்றது. ஆதிகேசவன் கையைத் தூக்கினான், அப்படியே வரிசையாக ஆணும் பெண்ணும் பாவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள், சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகத் தெருவுக்கே பந்தல் போட்ட மாதிரி. ஜீப் அடியில் மெதுவாக ஊர்ந்து போனது. ஓவர்சியர் தலையை வெளியே நீட்டினான், ஒரு சொட்டுக் கஞ்சி அவன் மூக்கில் விழுந்தது, அதற்கு நாங்கள் பொறுப்பில்லை. எஞ்சினியர் தெருக் கடைசியில் இறங்கி நின்று திரும்பிப் பார்த்தார். சரிம்மா, விடிகாலையில போட்டு ஸ்கூல் மணிக்குள்ள எடுத்துடுங்க என்றார். அதத்தான் எங்களுக்கு விவரம் தெரிஞ்ச நாளா செஞ்சுக்கினு இருக்கோம், அதையே எழுதிக் குடுத்துடுங்க என்றேன். எப்படிம்மா எழுதறது, உங்க பையன் மன்னிப்புக் கேட்டாரு, நாங்க மன்னிச்சோம்னு போட்டு ஃபைலை மூடியாச்சே என்றார்.

இப்போது புரிகிறதா, எங்கே வந்து நிற்கிறது என்று. ஓவர்சியர் தடுக்கவில்லை, எஞ்சினியர் தடுக்கவில்லை, நீ கேட்ட மன்னிப்புதான் குறுக்கே கிடக்கிறது. உன் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. வேலை நிரந்தரமாகவில்லை, வீட்டில் பிள்ளை வரப்போகிறது, அம்மா ஊரில் அதிகாரிகளோடு சண்டை போடுகிறாள் என்று யாராவது மேலே எழுதிப் போட்டால் என்ன ஆகும் என்று உனக்குத் தூக்கம் வராது. ஆனால் நான் யாரையும் அடிக்கவில்லை, எதையும் உடைக்கவில்லை. எடுத்துக்கொண்டு போனதற்கு ரசீது கேட்டேன், தடுத்ததற்கு ஆர்டர் கேட்டேன். இதைக் கேட்டதற்காக மகன் வேலை போகும் என்றால் அந்த வேலை எப்படியும் போகும். உன் மேஜைக்கு முன்னாலும் என்னைப் போல ஒருத்தி சோற்று மூட்டையோடு வந்து நிற்பாள், அவளை உட்காரச் சொல்லு, நாளைக்கு வா என்று சொல்லாதே, அது போதும் எனக்கு.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே எஞ்சினியருக்கு உன் கையால் ஒரு கடிதம் எழுது. என் அம்மா எந்தக் குற்றமும் செய்யவில்லை, அவரைக் கேட்காமல் நான் கேட்ட மன்னிப்பு செல்லாது, அதை ஃபைலிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று எழுதி, உன் முழுப் பெயரைப் போட்டு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பு. இங்கிலீஷில் எழுது, உனக்கு நன்றாக வரும். இளங்கோவனுக்கும் ஒரு வரி எழுதிவிடு, அவன் ஆபீசில் தலைகுனிய வேண்டாம். நைனாவுக்கு எழுதினால் ஜீப் போய்விட்டது, வரலாம் என்று சொல்லு. ரேணுகா பளு தூக்க வேண்டாம், பேருந்தில் அலைய வேண்டாம், காமாட்சியம்மன் அவளையும் வயிற்றில் இருப்பதையும் உன்னையும் நிழலாக நின்று காப்பாள். உன் கடிதம் வரும்வரை அந்த மூங்கில்கள் அந்த ஆபீஸ் மூலையிலேயே கிடக்கட்டும், நான் எடுக்கப் போகமாட்டேன். நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் நாளைக்கு விடிகாலையில் என் பாவு தெருவில் இருக்கும்.

உன் அம்மா
பெரியநாயகி