மேல்வீட்டோடு பேச்சுவார்த்தை உண்டா

இல்லை, நம் இணையதளத்திலிருந்து அந்தக் கேள்வியை நான் இன்னும் எடுக்கவில்லை. எடுத்துவிடு என்று மாமா தினமும் சொல்கிறார். இணையதளத்தைத் திறப்பேன். அந்த வரியில் கை நிற்கும். மூடிவிடுவேன். இன்று காலை சிதம்பரத்திலிருந்து ஒரு விசாரிப்பு வந்தது. படித்தவுடன், இதைக் கேட்டால் நீ எப்படிச் சிரிப்பாய் என்று நினைத்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மாமாவுக்கு இன்னும் அதே தொழில். ஒழுகும் வீடுகளைச் சரிசெய்வது. மொட்டை மாடி, பாத்ரூம், சன்ஷேடு. சிதம்பரத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் கடலூரில் நாம் இருவரும் சுற்றிக்கொண்டிருந்தபோது அவருக்கு இந்த இணையதளத்தைச் செய்து கொடுத்தோம். எழுதுவது நான். பேசுவது நீ. அப்படித்தான் பிரித்துக்கொண்டோம்.

முதலில் யார் கேட்டாலும் ரேட் அனுப்பினோம். பெயர், ஊர், எத்தனை சதுர அடி. அது போதும் என்று நினைத்தோம்.

பிறகு மஞ்சக்குப்பத்துக்காரர் ஒருவர் மாமாவின் கடைக்கு வந்தார். கையில் நம் ரேட்டின் பிரிண்ட். ரேட் கேட்டவர் அவர் இல்லை, கீழ்வீட்டில் இருக்கும் அவருடைய தம்பி. ஒழுகியது தம்பியின் படுக்கையறை. தண்ணீர் வந்தது அண்ணனின் பாத்ரூமிலிருந்து. நாம் அனுப்பியதைத் தம்பி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டிருந்தார், சாட்சி மாதிரி.

"எவனக் கேட்டுய்யா என் பாத்ரூம இடிக்க ரேட் போட்ட?"

மாமா கடைக்குப் பின்பக்கம் போய்விட்டார். நீதான் நாற்காலியை இழுத்துப் போட்டாய். "உக்காருங்கண்ணே. உங்க பாத்ரூம் எப்படி இருக்குன்னு யாருமே உங்கள கேக்கலியா?" என்றாய். அவர் உட்கார்ந்தார். டைல்ஸ் இடுக்கில் தண்ணீர் நிற்பதை அவரே சொன்னார். போகும்போது, எப்போது வேலைக்கு வருவீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்கே அந்தக் கேள்வியை விசாரிப்புப் பக்கத்தில் சேர்க்கச் சொன்னாய். நான் நாகரிகமாக எழுதினேன்: "மேல்தளத்தில் வசிப்பவருக்கு இப்பணி குறித்துத் தெரியுமா?" நீ படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாய்.

"ஏன்டி, நம்ம ஊர்ல தெரியாம இருக்குமா? எல்லாருக்கும் தெரியும். பேசிக்கிறாங்களா இல்லியான்னு கேளு."

அப்படித்தான் வந்தது: "மேலே யார் இருக்கிறார்கள்? அவர்களோடு பேச்சுவார்த்தை உண்டா?"

"ஒழுவுற வீட்டுக்கு வேலைக்குப் போறமா, பொண்ணு பாக்கப் போறமா?" என்றார் மாமா. ஆனால் ஜனங்கள் எழுதினார்கள். கேட்க ஆளில்லாமல் காத்திருந்த மாதிரி எழுதினார்கள். "மேலே அண்ணன். பேச்சு இல்லை. அண்ணி மட்டும் பேசுவாங்க." "மேலே காக்கா மட்டும்தான்." பரங்கிப்பேட்டை வீடு ஒன்றுக்காகத் துபாயிலிருந்து ஒருவர்: "வீடு பூட்டியிருக்கு. சாவி பெரியம்மாகிட்ட. பெரியம்மாவோடு பேச்சு உண்டு. அவங்க பொண்ணோடு இல்லை." அதை நீ சத்தமாகப் படித்துக்காட்டியபோது மாமாவும் சிரித்துவிட்டார்.

நீ போய் இது இரண்டாவது மழைக்காலம்.

டயாலிசிஸுக்குப் புதுச்சேரி போகும் பஸ்ஸிலிருந்துகூட நீ அழைத்துப் பேசினாய். ஜன்னலோரம் நீ, பக்கத்தில் நான். ஊசி ஏறும் கையை மடியில் வைத்திருப்பாய். மறு கையில் போன். பேச்சு இல்லை என்று எழுதியவரிடம் மேல்வீட்டு எண்ணைக் கேட்பாய். உடனே வரும். "பேசாதவங்க நம்பர் யாரும் அழிக்கறதில்ல, பாத்தியா" என்பாய். பிறகு மேல்வீட்டுக்கு அழைப்பாய். கீழ்வீட்டுக்காரரின் குறையை நீ எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்களுடைய தரையைப் பற்றித்தான் கேட்பாய்.

"கீழ இருக்கவருக்கு அது கூரை. இவுங்களுக்கு அது தரை. அவுங்கவுங்க பக்கத்துலேருந்து கேக்கணும்டி."

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடம் வேலை குறைவு. ஐப்பசி பிறந்துவிட்டால் ஈரத்தில் பூச்சு பிடிக்காது. அதற்குள் வேலை வராவிட்டால் மாமாவின் ஆட்கள் வேறு கான்ட்ராக்டரிடம் போய்விடுவார்கள். போனவர்கள் திரும்பி வருவது சந்தேகம். இன்னொரு கடையில் போட்டோ அனுப்பினாலே ரேட் தருகிறார்களாம்.

"உன் கேள்விய பாத்துட்டே பாதி பேரு ஓடிடறான்" என்றார் மாமா.

யாரும் ஓடவில்லை. நேற்று பழைய விசாரிப்புகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். பேச்சு இல்லை என்று எழுதியவர்களுக்கு நான் அழகான பதில் அனுப்பியிருக்கிறேன். 'மேல்வீட்டாரின் சம்மதம் கிடைத்ததும் தொடர்புகொள்ளுங்கள்.' பிழையில்லாத தமிழ். எப்படிச் சம்மதம் கிடைக்கும்? அந்த இடத்தில்தான் நீ போனை எடுப்பாய். கேள்வி இருக்கிறது, அதற்குப் பின்னால் இருந்த குரல் இல்லை. குறை அவ்வளவுதான். மாமாவிடம் இதைச் சொன்னேன்.

"சரி, அப்ப நீ பேசு" என்றார்.

இன்று வந்த விசாரிப்பு இது: "மேலே தங்கச்சி. அப்பா போனதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. ரேட் மட்டும் அனுப்பவும்."

தங்கச்சியின் எண்ணைக் கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் வந்தது. நீ சொன்னது சரி.

என்ன பேசுவதென்று எழுதி வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று விட்டேன். அழைத்தேன். பெயர் சொன்னேன், தொழில் சொன்னேன். "உங்க பாத்ரூம் தரையில தட்டினா எங்கயாவது சத்தம் மாறுதுங்களா?" என்று கேட்டேன்.

"கீழருந்து சொன்னாங்களா?"

"ஆமாங்க. ஆனா நான் கேக்கறது உங்க தரையப் பத்தி."

போனை வைத்துவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு கதவு திறக்கும் சத்தம், வாளி நகரும் சத்தம். தட்டிப் பார்க்கிறார். டொக், டொக், பிறகு அடியில் காலியாக இருக்கிற மாதிரி ஒன்று.

"மூலையில டொப்புனு இருக்கு" என்றார். பிறகு, "அக்கா வீட்ல ரொம்ப ஒழுவுதா?" என்றார்.

ரொம்ப ஒழுகுகிறது என்றேன். அக்காவின் படுக்கை எந்தப் பக்கம் என்று கேட்டார். தெரியாது என்றேன். நீங்களே கேட்டுப் பாருங்களேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. நீயும் சொல்லியிருக்க மாட்டாய். நம் வேலை தரை வரைக்கும்தான்.

உன் குரல் எனக்கு வராது. என் குரலில் பேசினேன், வேலை நடந்தது. எந்தப் பக்கத்திலிருந்து கேட்பது என்பது மட்டும் உன்னுடையது. அது என்னிடம் இருக்கிறது.

வியாழக்கிழமை காலை வருவதாக அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே செய்தியை அனுப்பினேன். பார்த்த பிறகுதான் ரேட் என்று எழுதினேன். முதலில் மேல்வீட்டுக்குப் போகலாம் என்று மாமாவிடம் சொல்லிவிட்டு, பேச்சு இல்லை என்று எழுதிய பழைய விசாரிப்புகளில் முதல் எண்ணை அழைத்தேன்.