பென்சிலால் கோடு போட்ட வரிகள்

தம்பிக்கு,

நீ கோடு போட்ட ஒரு வரியைக்கூட நம்பினவன் இல்லை. இந்த ஒரு வருடம் உன் புத்தகங்களைப் படித்து எனக்குத் தெரிந்தது அதுதான். இங்கே உன் அப்பாவும் உன் தங்கச்சியும் நானும் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். கடைவாய்ப் பல்லை டாக்டரிடம் காட்டாமல் இன்னும் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தால் முதலில் அதைப் போய்ப் பார்.

போன மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது கட்டிலுக்கடியில் நீ விட்டுப்போன புத்தகப் பெட்டிகளைத் தூக்கி அலமாரி மேல் வைத்தேன், வைக்கும்போதே ஒன்றைப் பிரித்தும் பார்த்தேன். காலேஜ் நாளில் நீ சொன்னது ஞாபகம் வந்தது, உனக்கு நேரமில்லேன்னா நான் கோடு போட்டதை மட்டும் படிம்மா, போதும் என்று. அப்படித்தான் ஆரம்பித்தேன், பிறகு முழுசாகவே படித்தேன், பஸ்ஸிலும் சாப்பாட்டு நேரத்திலும். பாதிப் புத்தகத்தில் ஏழையை அழவைத்தே பக்கத்தை நிரப்புகிறார்கள். அழுத மூக்கைச் சிந்திவிட்டு அவள் பஸ் பிடிக்க ஓடுவதை எவனும் எழுதக் காணோம். ஒரு கதையில் தையல் கம்பெனிப் பெண் ஜன்னல் வழியாக நிலாவைப் பார்க்கிறாள், நான் அயர்ன் போடுகிற கம்பெனிக் கூடத்து ஜன்னலை அட்டை வைத்து அடைத்திருக்கிறார்கள், எழுதினவர் வந்து பார்க்கட்டும்.

ஆனால் அந்தத் தடிமனான பச்சை அட்டைப் புத்தகத்தில், பூட்டிய கதவுக்குப் பின்னால் வேலை செய்கிறவன் கூலியாள் இல்லை, கைதி என்ற வரிக்கு நீ பேப்பர் கிழிகிற மாதிரி இரண்டு தடவை கோடு போட்டிருந்தாய். துணி திருடு போகிறது என்று எங்கள் அயர்ன் கூடத்துப் பின்கதவைப் பூட்டியே வைத்திருப்பது உனக்கும் தெரியும். என் பக்கத்து மேஜை நெட்டைச்சிக்கு அந்த வரியை வாசித்துக் காட்டினேன், உன் பையன் இவ்வளவு ரோஷக்காரனாடி, அப்போ அவனையே வந்து பூட்டை உடைக்கச் சொல்லு என்று சிரித்தாள். அடுத்த வாரம் நீராவிக் குழாய் வெடித்தது, முன்வாசலை மறித்துத் துணிக்கட்டு அடுக்கியிருந்தது, பின்கதவு பூட்டு, சாவி சூப்பர்வைசர் பையில். நெட்டைச்சிக்கு முழங்கை வரை வெந்துபோனது. நான் நேரே மேனேஜர் அறைக்குப் போய் உன் வரியை அப்படியே சொன்னேன், பூட்டை எடுக்கிற வரைக்கும் இஸ்திரிப்பெட்டியைத் தொட மாட்டேன் என்றும் சொன்னேன். அன்றைக்கே வெளியே நிறுத்திவிட்டார்கள்.

நீ போனில் என்ன சொன்னாய், மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாரும்மா, நானே இங்க எங்க கம்பெனி சார்பா இந்த மாதிரி விசாரணைக்கெல்லாம் உட்கார்றேன், நிர்வாகத்துப் பக்கமும் பார்க்கணும்ல என்றாய். வெந்த கை எந்தப் பக்கம் என்று நீ கேட்கவில்லை. பச்சைப் புத்தகத்தைத் தங்கச்சியிடம் காட்டினேன், அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், ஐயோ அம்மா, அது பரீட்சைக்கு வரும்னு போட்ட கோடும்மா, அதைப் போய் நம்பி மேனேஜர்கிட்ட சண்டைக்குப் போனியா என்று. உன் அப்பா டிவியை விட்டுத் திரும்பாமலே, அவன விடு, அவன் பொழைக்கத் தெரிஞ்சவன் என்றார். நான் அவ்வளவு வருடமும் நின்றே அயர்ன் போட்டது நீ பரீட்சை எழுதத்தான், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக நீ மேஜைக்கு அந்தப் பக்கம் போய் உட்காருவாய் என்று நினைக்கவில்லை.

வருகிற திங்கட்கிழமை விசாரணை, பக்கத்தில் ஒருத்தரை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். நெட்டைச்சி வருகிறேன் என்கிறாள், கட்டுப் போட்ட கையோடு அவளை அங்கே உட்கார வைக்க எனக்கு மனசில்லை. மன்னிப்பு எழுதித் தர மாட்டேன், அதை மட்டும் இனிமேல் சொல்லாதே.

நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு, எனக்கு உன்மேல் கோபம்தான், சாபம் இல்லை. வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. திங்கட்கிழமை வந்து என் பக்கத்தில் உட்கார். வர முடியாதென்றால் அந்தக் கோட்டை எதற்குப் போட்டாய் என்று உன் கையால் எழுதி அனுப்பு.

அம்மா