ஷிராஸின் மேல் போகும் பெட்டி

ஸ்டுட்கார்ட், மார்ச் 9

என் செல்லத் தம்பி சியாமக்குக்கு,

காய்ந்த எலுமிச்சை வந்து சேர்ந்தது. வெந்தயக்கீரையை மறந்துவிட்டாய், அதற்குத் தனியாகச் சண்டை உண்டு.

எங்கள் வானொலிக் கழகத்து ஆட்கள் வார இறுதிகளில் கூடிச் செய்த சின்னச் செயற்கைக்கோள் மேலே போய்விட்டது. நாங்கள் அதைப் பெட்டி என்றுதான் சொல்கிறோம். அங்கே அரசு இணையத்தை அடைத்தாலும், ஷிராஸின் மேல் போகும்போது அது செய்திகளைக் கொட்டும். ஆன்டெனாவைத் திரைச்சீலைக் கம்பிகளோடு கட்டி, இந்தக் கடிதத்தையும் சேர்த்து, ஊருக்கு வரும் ஸொஹ்ரே சித்தியிடம் கொடுத்திருக்கிறேன்.

கேட்பவனை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அனுப்புகிறவனைப் பிடித்துவிடுவார்கள். உன் கருவியின் அனுப்பும் பொத்தானைத் தொடாதே. அதுவும் நீ, பிறந்தநாள் வாழ்த்தில்கூட உனக்கென்று அரசு பதிந்து கொடுத்த வானொலி அழைப்புக்குறியைப் போட்டுக் கையெழுத்திடுகிற ஆள். எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் மஹீன் அக்கா

ஷிராஸ், ஏப்ரல் 2

அன்பு அக்காவுக்கு,

ஆன்டெனா மொட்டைமாடியில் துணிக்கொடியாக நடிக்கிறது. என் சட்டைகள் இவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை. செய்திகள் வருகின்றன.

ரொட்டிக்கடை தெஹ்கான் ஐயாவின் மகளையும் அவளோடு படிக்கும் பெண்களையும் காவலர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல மறுக்கிறார்கள். பெயர் வெளியே தெரிந்தால் கொல்லத் தயங்குவார்கள் என்று அவர் நம்புகிறார். மாடிக்கு வந்து கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். “இது கேக்க மட்டும்தானாப்பா? பேசாதா?” என்றார்.

பேசாது என்று பொய் சொன்னேன். அவர் கொடுத்த ரொட்டி இன்னும் பிரிக்காமல் மேசைமேல் இருக்கிறது.

உன் சியாமக்
ஈபி5-எஸ்எம்கே

ஸ்டுட்கார்ட், ஏப்ரல் 20

சியாமக்,

உன் குரலைக் கேட்டோம். பெட்டி அங்கே வாங்கியதை இங்கே வந்து கொட்டியது. ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் நிதானமாகச் சொன்னாய். எங்கள் ஆட்கள் அழுதுவிட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த நொடியே, கடைசியில் உன் அழைப்புக்குறியையும் சொன்னாய். வாய்ப்பழக்கம். உடனே இதை எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் கேட்டதை அவர்களும் கேட்டிருப்பார்கள். பெயர்களைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டோம், உன் அழைப்புக்குறியை மட்டும் நீக்கிவிட்டு. கம்பியைக் கழற்றி எறி. இதைக் கொண்டுவருகிற சித்தி மகனோடு அன்றே புஷெஹ்ர் துறைமுகத்துக்குக் கிளம்பு. கோபமெல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

அக்கா

ஷிராஸ், மே 18

மதிப்பிற்குரிய சகோதரிக்கு,

நான் நலம். வீட்டிலேயே இருக்கிறேன், யாதொரு தொந்தரவும் இல்லை. தெஹ்கான் ஐயாவின் மகள் வீடு திரும்பிவிட்டாள். தங்களைப் போல ஆன்டெனா அனுப்பும் நண்பர்களுக்கும், அதை இங்கே பெற்றவர்களுக்கும் நன்றி சொல்ல விரும்புகிறேன். அவர்களின் பெயர், முகவரிகளைத் தபாலில் அனுப்பவும்.

தங்கள் சகோதரன்
சியாமக்

ஸ்டுட்கார்ட், ஜூன் 1

என் கண்ணே சியாமக்,

இதை அனுப்பப் போவதில்லை. யாரையும் எனக்குத் தெரியாது, ஆன்டெனா என் சொந்தச் செலவு என்று அவர்களுக்கு வேறொரு கடிதம் போட்டுவிட்டேன்.

நீ என்னைச் சகோதரி என்று கூப்பிட்டதே இல்லை. அதை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதியிருப்பாய். ஆனால் கையெழுத்தின் கீழே வெறும் காகிதம். உயிர் போகும் என்றபோதும் வானொலியில் பழக்கத்தில் சொன்ன அழைப்புக்குறியை இங்கே விட்டுவிட்டாய். நான் நம்பக்கூடாது என்பதற்காகத்தான் விட்டாய். நம்பவில்லையடா. அங்கே ஆன்டெனா வைத்திருக்கும் எல்லோருக்கும் பெட்டி வழியாகவே சொல்லியாயிற்று. கழற்றிவிட்டார்கள்.

அந்தப் பெண் வீடு திரும்பியது மட்டுமாவது உண்மையாக இருக்கட்டும்.

பெட்டி தினமும் உன் ஊரின் மேல் போகிறது. நான் உட்கார்ந்து கேட்கிறேன். ஒன்றும் வருவதில்லை.

நீ போடாமல் விட்டதை நானே போட்டுவிடுகிறேன்.

உன் மஹீன் அக்கா
ஈபி5-எஸ்எம்கே