இருபத்தேழாம் எண்

செப்டம்பர் 3, செவ்வாய்

அறுபத்திரண்டு பேருக்கும் நான்கே நிமிடத்தில் வருகை எடுத்துவிட்டேன், தலையே நிமிராமல். நான் எண்ணைக் கூப்பிட வேண்டியது, அவர்கள் "உள்ளேன் மேடம்" என்று சொல்ல வேண்டியது. குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று ஆசிரியர் அறையில் பீற்றிக்கொண்டேன். கணக்கு வாத்தியார் சிரித்தார். சிரிக்கட்டும்.

செப்டம்பர் 5

இருபத்தேழாம் எண்ணின் அம்மா ஃபோன் செய்தார். "ஹாஸ்டல்ல இருக்குற பொண்ணு ஃபோன்ல ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டேங்குறா மேடம். கிளாஸுக்கு ஒழுங்கா வர்றாளா?"

பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். "ஒரு நாள்கூட லீவு இல்லம்மா. நிம்மதியா இருங்க." பாவம், இரண்டு தடவை நன்றி சொன்னார்.

செப்டம்பர் 6

தொண்டை கட்டிவிட்டது. வேறொன்றுமில்லை.

செப்டம்பர் 9, திங்கள்



வகுப்பு முடிந்ததும் இருபத்தெட்டு வந்து நின்றாள். "திட்டாதீங்க மேடம். மூணு வாரமா இருபத்தேழுக்கும் நான்தான் உள்ளேன் சொல்றேன். அவ ஹாஸ்டல் ரூமை விட்டே வரல. சாப்பாடு வெச்சது வெச்சபடி இருக்கு. நேத்து புஸ்தகத்தையெல்லாம் எனக்குத் தூக்கிக் குடுத்துட்டா, 'இனிமே எனக்கு வேணாம்'னு."

மூன்று வாரம்! அடுத்தடுத்த இரண்டு எண்ணுக்கும் ஒரே குரல். குரலை வைத்து ஆளைச் சொல்லுவேனாம்! அந்த அம்மாகிட்ட நிம்மதியா இருங்கன்னு வேற சொன்னேனே — என்ன செஞ்சு வெச்சிருக்கேன் நான்?

விடுதிக்கு ஓடினேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வாய்வரை வந்த அறிவுரையை விழுங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். கேட்கவே பயமாக இருந்தது. கேட்டுவிட்டேன்.

"செத்துப் போயிடலாம்னு தோணுதாம்மா?"

என் பக்கம் திரும்பினாள். பிறகு, "நான் இல்லைன்னு யாருக்குமே தெரியலையே மேடம்" என்றாள்.

மனநல ஆலோசகரை ஃபோனில் வரச் சொல்லிவிட்டு, அவர் வரும்வரை அவள் கையை விடவில்லை. அவள் அம்மாவை நானே கூப்பிட்டு, அன்று சொன்னது தப்பு என்றேன்.

செப்டம்பர் 10

மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். அம்மா கூடவே இருக்கிறார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 14

இப்போதெல்லாம் வருகை எடுக்கப் பத்து நிமிடமாகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்த பிறகுதான் அடுத்தவர். இன்று அவள் பெயரைச் சொன்னதும் இருபத்தெட்டு எழுந்தாள்.

"மேடம், அடுத்த வாரம் வர்றாளாம். அதுவரைக்கும் லீவே போடச் சொன்னா. 'எனக்கு நீ ஒண்ணும் உள்ளேன் சொல்ல வேணாம், நானே வந்து சொல்லிக்கிறேன்'னு சொல்லிட்டா."

வகுப்பே சிரித்தது. கட்டத்தில் 'விடுப்பு' என்று எழுதினேன்.