ரஞ்சியின் விண்ணப்பமும் போர்த்துக்கல் வானொலியும்

10 ஏப்ரல் 1988, ஞாயிறு

மழை, காற்று. டென்மார்க்கின் இந்த வைலே நகரில் வசந்தம் என்று நாட்காட்டி மட்டும் சொல்கிறது. உடுப்புத் தோய்த்தாயிற்று. அரிசி முடிந்தது.

நாலு மணிக்கு மனுவெல் வந்தார். இறைச்சித் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மேசை. நான் பன்றித்தொடையில் எலும்பு எடுப்பேன், அவர் கொழுப்பு வெட்டுவார். போர்த்துக்கல்காரர், ஐம்பது வயது, தனி ஆள். ஊர்ச் செய்தி கேட்க நான் வாங்கிய சிற்றலை வானொலியில் லிஸ்பன் நன்றாகப் பிடிபடும் என்று தெரிந்த நாளிலிருந்து ஞாயிறுதோறும் என் அறையில்தான். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருப்பது கால்வாசி டேனிஷ். மிச்சம் கை.

அவருடைய ஊர் மீன்பிடி ஊர். அதன் கால்பந்து அணிக்கு மஞ்சள் சட்டை. முதற்பிரிவில் கடைசிக்குச் சற்று மேலே நிற்கிறது. லிஸ்பனில் இரண்டு பெரிய அணி, போர்ட்டோவில் ஒன்று. கிண்ணம் பெரும்பாலும் அந்த மூன்றுக்குள்தான் சுற்றுமாம். "அப்ப உங்கட ஆக்கள் எதுக்கு விளையாடுகினம்?" என்று கேட்டேன்.

"அடுத்த வருசமும் இருக்கிறதுக்கு," என்றார்.

இன்று 0–0. ஒரு புள்ளி. தாளில் பென்சிலால் குறித்துக்கொண்டு, தேநீர்க் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

15 ஏப்ரல், வெள்ளி

மனைவி ரஞ்சியின் கடிதம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வரை யாரோ கையில் கொண்டுவந்து போட்டது. மகள் துளசி பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாளாம். அவளுக்கு இரண்டு வயதில் விட்டுவிட்டு வந்தேன். இப்போது ஆறு. முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன.

பிறகு: "பக்கத்து வீட்டு ஜெயா ஏஜென்சிக்காரனுக்குக் காசு குடுத்து, களவா வெளிக்கிட்டிட்டா. கனடா. நாங்களும் அப்பிடி வரட்டே? நீங்கள் ஓம் எண்டால் நாளைக்கே வெளிக்கிடுவன். இஞ்ச கிழமையில மூண்டு நாள் ஊரடங்கு."

ஊரடங்கின்போது துளசியும் அவளும் கட்டிலுக்குக் கீழே தாயம் விளையாடுகிறார்களாம். அதை மூன்று தரம் வாசித்தேன்.

17 ஏப்ரல், ஞாயிறு

மஞ்சள் சட்டை தோற்றது, 1–3. மனுவெல் தலையைக் குனிந்தபடி இருந்தார். பேச்சை மாற்றக் கடிதத்தைச் சொன்னேன். உடனே நிமிர்ந்தார்.

"லிஸ்பனுக்கு வரட்டும். என்ர தங்கச்சி இருக்கிறாள், ஒரு அறை சும்மா கிடக்கு. மச்சான் லொறி ஓடுறவன், தோடம்பழம் ஏத்திக்கொண்டு ஹம்பேர்க் வாறவன். அங்கயிருந்து இஞ்ச எவ்வளவு தூரம்?"

சும்மா சொல்லவில்லை. தாள் எடுத்துத் தங்கையின் முகவரியை எழுதித் தந்தார்.

18 ஏப்ரல், திங்கள்

அரைநாள் லீவு. கொம்யூன் என்கிற நகரசபை அலுவலகம். ரஞ்சியையும் துளசியையும் இங்கே எடுக்க நான் போட்ட விண்ணப்பத்தைப் பார்க்கும் பெண் நல்லவர். எனக்கு முன்னாலேயே கோப்பன்ஹேகனுக்குப் போன் எடுத்தார். பதில் போன மாதம் சொன்னதேதான்: பரிசீலனையில் இருக்கிறது. போட்டு இன்றைக்குப் பதினான்கு மாதம்.

"வேற வழியால வந்தால்?" என்று மெல்லக் கேட்டேன்.

அவர் கதவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எனக்குத் தெரியாது. ஆனால் அது விண்ணப்பத்தைப் பழுதாக்கலாம். சட்டத்தில் உங்களுக்கு உரிமை இருக்கு. பொறுங்கோ."

உரிமை இருக்கிறது. நானும் அதைத்தான் நம்பினேன். தபாற்கந்தோர் வாங்கிலிலேயே இருந்து எழுதினேன்: 'ஏஜென்சி வேண்டாம். சட்டப்படி வாறதுதான் பாதுகாப்பு. இன்னும் கொஞ்சம் பொறு.' ஒட்டிப் போட்டாயிற்று.

மனுவெல் தந்த தாள் சட்டைப்பையில்.

8 மே, ஞாயிறு

வெயில். டேனிஷ்காரர் எல்லாரும் புல்லில் படுத்திருக்கிறார்கள். மஞ்சள் சட்டை 2–1! மனுவெல் மேசையில் அடித்த அடியில் கீழ்வீட்டுக் கிழவி தும்புத்தடியால் கீழிருந்து இடித்தாள். மனுவெல் கொண்டுவந்த கருவாட்டு மீனில் நான் தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்தேன். கண்ணில் தண்ணி வரத் தின்றார். "நல்லா இருக்கு, ஆனா இது எங்கட மீன் இல்லை."

வாங்க: கொச்சிக்காய்த்தூள், சவர்க்காரம், விமானக் கடித உறை.

15 மே, ஞாயிறு

தோல்வி. ஒரு மாதமாக ஊரிலிருந்து கடிதம் இல்லை. தபால் பிழையாக இருக்கும்.

24 மே, செவ்வாய்

பத்து மணி இடைவேளையில் மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டார். வாசலில் தேவா அண்ணை. எங்கள் தெருவில் போன் வைத்திருக்கும் ஒரே தமிழர். சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். மூச்சு வாங்கியது.

"தம்பி, கொழும்பில இருந்து உம்மட மச்சான் எடுத்தவர்."

"துளசிக்கோ?"

"பிள்ளை சுகம். பிள்ளை சுகமா இருக்கு."

அப்போதே தெரிந்துவிட்டது.

பின்னேரம் அவர் வீட்டிலிருந்து மச்சானோடு கதைத்தேன். ரஞ்சிக்கு வயிற்றுக்குத்து. ஊரடங்கு, ஒருவரும் வெளியே போக ஏலாது. இரண்டு நாள் கோப்பித்தண்ணியும் மாத்திரையும். மூன்றாம் நாள் ரோட்டுத் திறந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, குடல்வால் வெடித்து நஞ்சு பரவிவிட்டது என்றார்களாம். அன்றைக்கே முடிந்துவிட்டது. பிரேதத்தை எடுத்தும் போட்டார்கள். எனக்குத் தெரிவதற்குள் நாலு நாள் போய்விட்டது.

"என்ர கடிதம் வந்ததோ?" என்று கேட்டேன்.

மச்சான்: "வந்தது. 'இன்னும் பொறுக்கட்டாம்' எண்டு சொல்லிச் சிரிச்சவளாம். கோவிக்கேல்லையாம்."

25 மே

வேலைக்குப் போனேன். அறையில் இருக்க முடியவில்லை. மனுவெல் என் மேசையையும் சேர்த்து வெட்டினார்.

28 மே

ரஞ்சியின் எட்டுச் செலவுப் படையல் தேவா அண்ணை வீட்டில். எட்டுப் பேர். ரஞ்சியின் படம் சின்னது, பாஸ்போட்டுக்கு எடுத்தது. விண்ணப்பத்தோடு அனுப்பியதில் மிச்சம் வந்த ஒன்று. வேறு படம் என்னிடம் இல்லை.

தேவா அண்ணையின் மனைவி: "நீர் உம்மைக் குற்றம் சொல்லாதையும். ஆர் நினைச்சது?"

குற்றம் சொல்ல வேறு ஆளைத் தேடிப் பார்த்தேன். கொம்யூன் பெண்ணா? கோப்பன்ஹேகனில் முகம் தெரியாத ஒருவரா? கடிதத்தில் கையெழுத்து என்னுடையது.

29 மே, ஞாயிறு

மனுவெல் வரவில்லை. வானொலி போடவில்லை.

5 ஜூன், ஞாயிறு

நாலு மணிக்குக் கதவில் தட்டல். மனுவெல். சவரம் எடுத்து, கறுத்தக் கோட்டுப் போட்டு, பாண் ஒன்று கையில். இன்றுதான் அவர்களுடைய கடைசி ஆட்டம். வென்றால் முதற்பிரிவில் இருப்பார்கள், இல்லையென்றால் இறங்க வேண்டும். அவரோ கதிரையில் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வானொலியைப் போடுங்கோ," என்றேன்.

"வேண்டாம்."

நானே எழும்பிப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வானொலி ஒரு மைதானத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டேயிருக்கும். எங்கோ கோல் என்று அறிவிப்பாளர் நீட்டிக் கத்துவார். எந்த மைதானம், யார் அடித்தது என்று தெரியக் கொஞ்ச நேரம் எடுக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில் எல்லா அணியும் வென்றுகொண்டிருக்கும். இரண்டு தரம் கத்தினார்கள், இரண்டும் வேறு ஊர். முடிய ஐந்து நிமிடம் இருக்க மூன்றாம் தரம். மனுவெலின் ஊர்ப் பெயர் காதில் விழுந்தது.

கத்தியது நான். எழும்பி, இரண்டு கையையும் தூக்கி, தொண்டை கிழிய. மனுவெல் கத்தவில்லை. இருந்த இடத்திலிருந்து என்னை அண்ணாந்து பார்த்தார்.

ரஞ்சி போய்ப் பதினாறு நாள். என் வாயிலிருந்து அந்தச் சத்தம்.

கை இறங்கியது. இருந்தேன். தெரிந்த நாளிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. மனுவெல் வானொலியை நிறுத்தினார். ஆட்டம் முடியவில்லை, அவருடைய அணி தப்பியதா என்று அவருக்கும் தெரியாது. நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து இருந்து முதுகில் கையை வைத்தார். இருட்டுப்பட ஜூனில் கனநேரம் செல்லும். அதுவரை எடுக்கவில்லை.

6 ஜூன், திங்கள்

தேவா அண்ணை நூலகத்தில் பேப்பர் பார்த்துச் சொன்னார்: மஞ்சள் சட்டை இறங்கவில்லை. மேசையில் மனுவெலிடம் சொன்னேன். "ஓம்," என்றார். கத்தியைத் தீட்டினார்.

8 ஜூன், புதன்

கொம்யூன். அந்தப் பெண் அழுதுவிட்டார், பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு விளங்கப்படுத்தினார். துளசியின் பெயர் தாயின் விண்ணப்பத்துக்குள் இருக்கிறது. அதைத் திரும்பப் பெற வேண்டும். பிள்ளைக்குப் புதிதாகப் போட வேண்டும்.

திரும்பப் பெறும் தாளில் 'காரணம்' என்று சின்னப் பெட்டி. எழுத்துப் பிழை வராமல், அதில் எழுத வேண்டிய டேனிஷ் சொல்லை அவரே துண்டில் எழுதிக் காட்டினார். பார்த்து எழுதினேன்.

14 ஜூன், செவ்வாய்

கோப்பன்ஹேகனிலிருந்து கடிதம். ஒரே உறையில் இரண்டு தாள்.

ரஞ்சியின் கோப்பு முடிவுக்கு வந்தது. ஆறு நாளில்.

துளசியுடையது பரிசீலனையில்.