ஃபெஸ் நகரத்து மஞ்சள் செருப்பு

காரில் ஹீற்றரைப் போட்டால் அந்தத் தோல் மணம் எழும்புகிறது, தம்பி. பின்னிருக்கையில் உன் மகளின் மஞ்சள் செருப்புகள் கிடக்கின்றன. பனிக்காலம் முழுவதும் அவள் அவற்றோடு திரிந்ததில் நுனி கறுத்து, வாய் பிளந்துவிட்டது. அவை என்னிடம் வந்த விதத்தை உனக்குச் சொல்லவேண்டும். வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

மொரோக்கோவில், ஃபெஸ்ஸின் அந்தப் பழைய மதில் நகருக்குள் இரண்டு பிள்ளைகள் இருக்கும் ஸ்ரோலர் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தவன் நீ. எல்லாம் படிக்கட்டுகள் என்றேன், கேட்கவில்லை. முதல் வாசலைத் தாண்டியதும் அது என் தோளில் ஏறியது. கழுதைக்காரர்கள் "பலாக்! பலாக்!" என்று கூவி வழி கேட்க, பிள்ளைகள் அதையே கத்திக்கொண்டு முன்னால் ஓடினார்கள்.

"ஏன் அண்ணை விலத்துறியள்? நீங்களும் சுமையோடைதானே வாறியள். உங்களுக்கும் அதே ரூல்ஸ்தான்," என்று சிரித்தாய்.

தோல் பதனிடும் இடத்து நாற்றத்துக்காக மூக்கில் பிடிக்கக் கொடுத்த புதினாவை உன் மகன் தின்றுவிட்டான். அந்தக் குழப்பத்தில்தான் மகள் உன் கையை விட்டாள். நாங்கள் சந்து சந்தாக ஓடிக் கண்டுபிடித்தபோது, ஒரு விளக்குக் கடை வாசலில் அசையாமல் நின்றாள். நீ திட்டவில்லை. பக்கத்துக் கடையில் மஞ்சள் செருப்பு வாங்கி அவளுக்கு மாட்டிவிட்டாய்.

"தொலைஞ்சா நிண்ட இடத்திலையே நில்லு. இதைக் கழட்டாதை. எவ்வளவு சனத்துக்குள்ளையும் அப்பா உன்னைக் கண்டுபிடிச்சிடுவன்."

கனடாவுக்குத் திரும்பிய அந்தக் குளிர்காலத்திலேயே, மிசிசாகாவில், வேலையிடத்தில், உன் இதயம் நின்றது.

செத்தவீட்டுக்குப் பிள்ளைகளைக் கொண்டுவரவில்லை. உன் மாமியார் முடிவெடுத்தார், சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். "சின்னனுகள் தாங்காதுகள், தம்பி. அப்பா மொரோக்கோவுக்குத் திரும்பிப் போயிட்டார் எண்டு சொல்லியிருக்கு. நீங்கள் குழப்பாதேங்கோ," என்றார் என்னிடம். நான் மறுத்தேன். "உங்களை மாதிரிப் படிச்ச ஆக்களுக்கு உது விளங்காது," என்றார். உன் மனைவி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்மீது எனக்குக் கோபமில்லை. மற்ற அனைவர்மீதும் உண்டு. அது ஆறிக் குளிர்ந்த கோபம். ஆகவே நெடுநாள் இருக்கும்.

எங்கள் அப்பா இறந்தபோது உனக்கும் அவர் கொழும்புக்குப் போனதாகத்தான் சொன்னார்கள். பஸ் வரும்போதெல்லாம் நீ சந்திக்கு ஓடினாய். "என்ரை பிள்ளையளுக்கு ஒருநாளும் உப்பிடிச் செய்யமாட்டன்," என்று ஃபெஸ் விடுதியின் மொட்டைமாடியில் நீ சொன்னாய். உன் உடல் எரிந்து முடியுமுன்னரே அந்த வாக்கை அவர்கள் உடைத்தார்கள்.

பிறகு, ஸ்ரௌவ்வில் நகரத்தில் இருந்த உங்கள் வீட்டை விற்று ஸ்காபரோவுக்குப் போவதென்று தீர்மானமானது. மகள் வாசலடிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். காலில் அதே செருப்பு. மிரட்டினார்கள், சொக்லேற் நீட்டினார்கள். கடைசியில், தூக்கிக் காரில் ஏற்ற என்னை அழைத்தார்கள்.

"பெரியப்பா, அப்பா என்னைத் தேடித்தானே திரும்பிப் போனவர்? நான் கையை விட்டதாலை. நாங்கள் மூவ் பண்ணினா அவர் எப்பிடிக் கண்டுபிடிப்பார்?"

குசினி வாசலில் நின்ற மாமியார் கண்ணால் எச்சரித்தார். நான் அவளருகே படியில் அமர்ந்தேன்.

"அப்பா செத்துப்போனார், பிள்ளை. அவர் உன்னைத் தேடிப் போகேல்லை. நீ கையை விட்டதாலை ஒண்டும் நடக்கேல்லை."

"நாசமாப் போவான், பிள்ளையின்ரை நெஞ்சை உடைச்சுப்போட்டான்!" என்று பின்னால் அலறல் எழுந்தது. உன் மகள் என்னையே பார்த்தாள்.

"அப்ப நான் இங்கை நிக்கத் தேவையில்லையா?"

"தேவையில்லை, அம்மா."

செருப்புகளைக் கழற்றி என் மடியில் வைத்தாள். அதன்பிறகுதான் அழுதாள்.

அவர்களுடைய புதிய வீட்டுக்கு நான் வரக்கூடாதாம். மன்னிப்புக் கேட்டால் யோசிப்பார்களாம். கேட்கமாட்டேன். செருப்புகளைத் தைக்கவும் இல்லை, கழுவவும் இல்லை. ஒருநாள் அவளே கேட்பாள். அன்று எடுத்துக் கொடுப்பதற்காக, போகுமிடமெல்லாம் கொண்டுதிரிகிறேன்.